வாசிக்கத் தெரியாத தளங்களும் வாசிக்க மறுக்கும் சட்டங்களும்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே சமூக ஊடகத் தளங்கள் பற்றியும் அவற்றை ஆளும் சட்டங்கள் பற்றியும் எழுத வேண்டிய அவசியம் யாது என்ற வினாவைச் சிலர் எழுப்பக்கூடும். மொழியும் இலக்கியமும் எமது துறை, கணினி பொறியியலாளரின் துறை என்ற பிரிவினை எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஆயினும், அச்சியந்திரத்தின் வருகையைப் புறக்கணித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை விளக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட நாம், இன்று மக்களின் பேச்சும் எழுத்தும் பெருமளவில் எந்தச் சாதனங்களின் வழியாக நடைபெறுகின்றனவோ அவற்றைப் பற்றி மௌனம் சாதிப்பது முரணாகும். இதற்கும் மேலாக, தளங்களைப் பற்றிய இன்றைய விவாதத்தின் அடிநாதமாக அமைவது வாசிப்பு என்னும் செயலே. ஒரு கூற்றின் பொருள் யாது, அது எச்சூழலிற் கூறப்பட்டது, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பன இலக்கிய விமர்சனத்தின் அடிப்படை வினாக்கள். அவையே இன்று சட்டத்தின் வினாக்களாகவும் சிலவேளைகளில் உயிர்களைப் பற்றிய வினாக்களாகவும் மாறியுள்ளன.

இணையக் கொள்கை பற்றி எமது நாட்டிலே இரு கருத்துகள் பெருவழக்காக உள்ளன. தொழில்நுட்பம் நடுநிலையானது, நன்மையும் தீமையும் அதனைப் பயன்படுத்துவோரையே சாரும் என்பது முதலாவது கருத்து. தளங்களை நடத்தும் நிறுவனங்களும், தம்மை நவீன நோக்குடையோர் எனக் கருதும் நகர்ப்புறப் படித்தவர்களுள் ஒரு பகுதியினரும் இதனைக் கூறுவர். இணையம் ஆபத்தானது, ஆகவே வேண்டும்போது அதனை மூடவும் அதிற் பேசுவோரைத் தண்டிக்கவும் அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பது இரண்டாவது கருத்து. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே குறைபாட்டைத் தம்முள் கொண்டவை என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது.

1. 2018 மார்ச்

கண்டி நகருக்குத் தென்கிழக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்பிட்டியவிலிருந்து இதனை எழுதுகின்றோம். கண்டிக்குக் கிழக்கேயுள்ள திகன இங்கிருந்து தூரமன்று. 2018 பெப்ரவரியின் பிற்பகுதியில் தெல்தெனியவில் நிகழ்ந்த ஒரு தாக்குதலில் காயமுற்ற சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் முதல்வாரத்தில் இறந்தார். தாக்கியோர் முஸ்லிம்கள் என்ற செய்தி ஒரு சமூகம் முழுவதற்கும் எதிரான அழைப்பாக மாற்றப்பட்டது. மார்ச் 4, 5 ஆம் திகதிகளில் தெல்தெனிய, திகன பகுதிகளில் தொடங்கிய வன்செயல் மெனிக்கின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களுக்கும் பரவியது. பள்ளிவாசல்களும் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. திகனயில் எரியூட்டப்பட்ட வீட்டினுள் சிக்கிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6 ஆம் திகதி நாடளாவிய அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடைசெய்யப்பட்டன.

இவ்வன்செயலைப் பேஸ்புக் உண்டாக்கியது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கண்டியில் 1915 ஆம் ஆண்டிலேயே முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் மூண்டது. அன்று இணையம் இருக்கவில்லை. வர்த்தகப் போட்டி, பேரினவாத அரசியல், சட்டத்தை நிலைநாட்ட வேண்டியோரின் அசட்டை என்பன இத்தகைய வன்செயல்களின் பின்புலத்தில் நெடுங்காலமாக உள்ளன. ஆயின், பகைமை முன்னரே இருந்தது என்பதனால் அதனைப் பரப்பிய சாதனம் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடாது. திகனச் சம்பவங்களுக்குச் சில நாள்கள் முன்னர், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டுத்தன்மை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தி தளங்களின் வழியாக நாடெங்கும் பரவியது. விஞ்ஞானத்துக்குப் புறம்பான அவ்வதந்தியைக் கையால் எழுதி ஒட்டியிருந்தால் ஊர் எல்லையைத் தாண்டப் பல நாள்கள் சென்றிருக்கும்.

2. நடுநிலை என்னும் வாதம்

நடுநிலைவாதத்தின் குறைபாடு இங்கேயே வெளிப்படுகின்றது. தளம் என்பது எழுதியவற்றை எழுதிய ஒழுங்கிற் காட்டும் வெறும் பலகையன்று. எதனை யாருக்கு முதலிற் காட்டுவது என்பதை அதன் நிரல்கள் தெரிவு செய்கின்றன. பேஸ்புக் நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. மக்கள் எவ்வளவு நேரம் தளத்தில் தங்குகின்றனர், எவ்வளவு தூரம் எதிர்வினையாற்றுகின்றனர் என்பனவற்றிலேயே அவ்விளம்பரத்தின் பெறுமதி தங்கியுள்ளது. 2018 ஜனவரியில், கருத்துரைகளையும் பகிர்வுகளையும் கூடுதலாகப் பெறும் பதிவுகளை முன்னிறுத்தும் வகையில் தன் நிரல்களை மாற்றுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மக்களிடையே அர்த்தமுள்ள உறவாடலை வளர்ப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. சினத்தைத் தூண்டும் பதிவுகளே கூடுதலான எதிர்வினையைப் பெறுவதால் அவை இம்மாற்றத்தினால் நன்மையடைந்தன என்பதை நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களே 2021 இல் வெளிப்படுத்தின. எதிர்வினையை இலாபமாக மாற்றும் ஓர் அமைப்பு, எதிர்வினை எத்தன்மையது என்பதில் நடுநிலை வகிக்க முடியாது.

மொழி பற்றிய பிரச்சினை இதனிலும் அடிப்படையானது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் பேஸ்புக்கில் நிலவிய வெறுப்புப் பேச்சுப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. அது வெளிவந்தது அளுத்கமக் கலவரம் நிகழ்ந்த ஆண்டிலாகும். நான்கு ஆண்டுகளின் பின், முஸ்லிம்களைக் குழந்தைகள் உட்படக் கொல்லுமாறு சிங்களத்தில் வெளிப்படையாக அழைப்பு விடுத்த ஒரு பதிவு பற்றி முறையிட்டபோது, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதில் சில நாள்களின் பின்னரே கிடைத்தது என்பதை 2018 ஏப்ரலில் இலங்கைச் சிவில் அமைப்புகள் பகிரங்கக் கடிதம் மூலம் சுட்டிக்காட்டின. பதிவைப் பார்த்தவருக்கு, அல்லது பார்த்த இயந்திரத்துக்கு, சிங்களம் தெரிந்திருந்தால் அப்பதில் வந்திருக்க முடியாது. 2020 மே மாதத்தில், வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு செய்வித்த மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்டபோது, இலங்கையில் ஏற்பட்ட பாதிப்புகளுக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது. கலவரத்துக்கும் மன்னிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்நிலைமையை விளங்கிக்கொள்ள மலையகத்தின் வரலாறு எமக்குத் துணைபுரியும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையிலிருந்து வளர்ந்த பொருளாதாரத்தில், கொழுந்து இங்கே பறிக்கப்பட்டது, அதன் பெறுமதியின் பெரும்பகுதி வேறிடத்தில் ஈட்டப்பட்டது. தோட்டத்தொழிலாளரின் மொழியைத் துரைமார் கற்றதும், கட்டளையிடுவதற்கு வேண்டிய அளவுக்கே. இன்றைய தளங்களும் எமது பேச்சைக் கொழுந்துபோலச் சேகரிக்கின்றன, அதன் மொழியையோ இலாபத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே அறிந்துகொள்கின்றன. ஒப்புமைக்கும் எல்லையுண்டு. கொழுந்து பறிப்பவருக்குத் தாம் உழைக்கின்றோம் என்பது தெரியும். தளத்தில் எழுதுபவரோ தாம் ஒன்றை இலவசமாகப் பெறுவதாகவே கருதுகின்றார். இவ்வேறுபாடு சுரண்டலை இல்லாதாக்குவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாமற் போவதற்கே துணைசெய்கின்றது.

3. மூடுதலும் தண்டித்தலும்

நிறுவனம் தவறிழைத்தது என்பதனால் அரசின் வழி சரியானதாகிவிடுமா என்பதே அடுத்த வினா. 2018 மார்ச்சில் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாக நீடித்த தடையை ஆதரித்தவர்களுள் நேர்மையான நோக்குடையோர் பலர் இருந்தனர். ஊரடங்கின்போது எரியும் கடைகளின் படங்கள் கையிலுள்ள தொலைபேசியில் வந்துகொண்டிருந்த நிலையில், அவை நின்றதும் ஆறுதல் அடைந்தவர்கள் இந்தப் பகுதியிலேயே உள்ளனர். அவ்வுணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நிகழ்ந்தது யாதென நோக்குதல் வேண்டும். வெறுப்பைத் திட்டமிட்டுப் பரப்பியோர் மெய்நிகர் தனியார் வலையமைப்புகளின் மூலம் தடையைக் கடக்க முடிந்தது. உறவினரின் நிலையை அறியத் துடித்த சாதாரண மக்களுக்கே வழி அடைபட்டது. திகனயிலோ அக்குறணையிலோ ஆபத்திலிருந்தோர் தமக்கு நேர்ந்ததைத் தம் மொழியில் வெளியுலகுக்குக் கூறும் வாய்ப்பும் அதனோடு அடைபட்டது.

ஒருமுறை கையிலெடுத்த கருவி பின்னர் வழக்கமாகிவிடுவது அரசின் இயல்பு. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்துத் தளங்கள் மீண்டும் மூடப்பட்டன. மே மாதத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயலின்போது இன்னுமொருமுறை மூடப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கெதிராக மக்கள் வீதியில் இறங்க ஆயத்தமானபோது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி மறுபடியும் தடை வந்தது. அன்று எந்த இனத்தின் வீடும் எரியவில்லை. இனவன்செயலைத் தடுக்கவென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருவி, ஆட்சியாளரின் ஆசனத்தைக் காக்கும் கருவியாக மாறுவதற்கு நான்கு ஆண்டுகளே போதுமாயின.

சட்டத்தின் வரலாறும் இதனையே கூறுகின்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நடைமுறைப்படுத்துவதற்கென 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்யும் அதன் மூன்றாம் பிரிவு சிறுபான்மையினருக்கு அரணாக அமையும் என்று எதிர்பார்த்தோர் பலர். நடந்தது வேறு. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, தமது முகநூற் பக்கத்தில் வெளியிட்ட சிறுகதையொன்றுக்காக இச்சட்டத்தின்கீழ்க் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர் கைதானார். முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்தியல் ரீதியான ஜிஹாத் மூலம் பதிலளிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்ட சட்டம், அச்சொல்லின் அருகிலிருந்த பேனாவையும் விசைப்பலகையையும் காணவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பிலிருந்த அவருடைய கைது சட்டவிரோதமானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது 2023 நவம்பரிலேயாகும்.

இவ்விடத்து இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. 2018 இல் கண்டி மாவட்டத்து முஸ்லிம்களைக் கொல்லும்படி எழுதப்பட்டதைத் தளம் வாசிக்க அறியவில்லை. 2020 இல் அதே மாவட்டத்தில் வன்முறைக்குப் பதிலாக எழுத்தைக் கையிலெடுக்குமாறு கூறியவரை அரசு வேண்டுமென்றே பிழையாக வாசித்தது. ஒன்று மொழியறியாமை, மற்றையது மொழியறிந்த அதிகாரம். இரண்டினாலும் பாதிக்கப்பட்டவர்கள் ஒரே சமூகத்தினர். எனவே, நிறுவனங்கள் எமது மொழிகளைக் கற்றுவிட்டாற் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கருதுவதும் போதாது. வாசிக்கும் ஆற்றலோடு, பிழையாக வாசித்தால் அம்மொழியைப் பேசும் மக்களுக்குப் பதில்கூற வேண்டிய கடப்பாடும் சேரும்போதே அது பயன்தரும். கடப்பாடின்றி வாசிக்கக் கற்ற இயந்திரம் ஒற்றனாகவே முடியும். முதலிற் கூறிய இரு கருத்துகளுக்கும் பொதுவான குறைபாடு இதுவே: நடுநிலைவாதி நிறுவனத்தையும், தடைவாதி அரசையும், மக்களுக்குப் பதில்கூற வேண்டிய நிலையிலிருந்து விடுவித்துவிடுகின்றனர்.

2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகளுக்கு எதிராக 62 வாக்குகள் அளிக்கப்பட்ட நிலையில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடல் தகும். சனாதிபதியால், அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்குத் தடைசெய்யப்பட்ட கூற்று எது என்பதைக் கண்டு அதனை அகற்றப் பணிக்கும் அதிகாரத்தை அது வழங்குகின்றது. பொய்க்கூற்று எனக் கொள்ளப்படுவதைப் பரப்பியவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெண்களும் சிறுவரும் இணையத்தில் அனுபவிக்கும் கொடுமைகளைத் தடுப்பதற்கே சட்டம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அக்கொடுமைகள் கற்பனையல்ல. ஆயின், அந்நோக்கத்துக்கு வேண்டியவை குறிப்பான குற்றவரையறையும் விரைவான நீதிமன்ற நிவாரணமும் ஆகும். பொய் எது, மெய் எது எனத் தீர்மானிக்கும் ஐவருக்குச் சிறுகதைக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டையோ, அங்கதத்துக்கும் அவதூறுக்கும் உள்ள வேறுபாட்டையோ உணர்த்துவதற்கு அச்சட்டத்தில் எவ்வித உத்தரவாதமும் இல்லை. நிறைவேறிய சில மாதங்களுக்குள்ளேயே அதற்குத் திருத்தங்கள் முன்வைக்கப்பட்டமை, அவசரத்தில் ஆக்கப்பட்ட சட்டம் அது என்பதற்குப் போதிய சான்றாகும்.

4. பொதுவில் ஆக்கப்பட்டவை

நிறுவனமும் வேண்டாம், அரசும் வேண்டாம் எனில் வேறு வழி யாது என்று கேட்கப்படலாம். எமது அனுபவத்திலேயே அதற்கான விடையின் சில கூறுகள் உள்ளன.

தமிழெழுத்தின் கணினி வரலாற்றை எடுத்துக்கொள்வோம. இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவில், திரையிலே ‘அ’ எனத் தோன்றுவது கணினியின் உள்ளே ஆங்கில ‘எம்’ எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எமது கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியலாகக் காட்சியளித்தது. தேடினால் அகப்படாது, வேறொருவர் திறந்தால் வாசிக்க இயலாது. 1991 இல் வெளிவந்த யுனிகோட் எனப்படும் ஒருங்குறித் தரம் தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது. இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டு இஸ்கித் தரத்தை அடியொற்றிய அவ்வொதுக்கீடு தமிழ் எழுத்தமைப்புக்கு முற்றிலும் பொருத்தமானதன்று என்ற விமர்சனம் தமிழறிஞரிடையே உண்டு. அவ்விமர்சனத்தில் நியாயம் இருப்பினும், எந்தத் தனி நிறுவனத்துக்கும் விலை கொடுக்காமல் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுத்தரமொன்று கிடைத்தமையாலேயே தமிழ் இன்று எல்லாக் கருவிகளிலும் வாசிக்கத்தக்கதாயிற்று. தரநிர்ணயம் என்பது வெறும் பொறியியல் விடயமன்று, மொழியின் வாழ்வுரிமை பற்றிய விடயமாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கு இலங்கையின் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹன’ என்னும் மென்பொருளை எழுதினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா மென்பொருள் மன்றம் ஒருங்கிணைத்த அம்முயற்சியின் மூலநிரல் எவரும் பெற்று மாற்றியமைக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டது. ஆதலால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. சிறிய நாடொன்று தொழில்நுட்பத்தை வாங்குவதற்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்துக்கு இதனைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நினைவைச் சுமந்த சமூகத்திலிருந்து 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் தொகுத்து எவரும் இலவசமாக வாசிக்கச் செய்துள்ளது. அதற்கு அடித்தளமாக அமைந்ததும் பொதுவில் ஆக்கப்பட்ட கட்டற்ற மென்பொருளே. இத்தகைய ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளைத் தேடும் மாணவர் இன்று செல்லுமிடம் அதுவாகும்.

எனினும் இம்முயற்சிகளைப் பற்றி மிகையான நம்பிக்கையும் கூடாது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரல்கள் பெருந்தொகையாகச் சேமிக்கப்பட்டிருந்த கிற்ஹப் தளத்தை 2018 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 750 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு வாங்கியது. நிரலை எழுதியவர்கள் உலகெங்குமுள்ள எண்ணற்ற நிரலாளர்கள். அவர்கள் கூடிய சந்தைத் திடலோ ஒரு நிறுவனத்தின் சொத்தாயிற்று. நிரல் பொதுவாக இருந்தாலும், அது வாழும் இடம் பொதுவாக இல்லையெனில் வெற்றி அரைகுறையே. தொண்டர் உழைப்பு என்றும் வற்றாது என எதிர்பார்ப்பதும் தவறு. பொதுநிதியும் பல்கலைக்கழகங்களின் நிலையான பங்களிப்பும் இல்லாவிடத்து இத்தகைய முயற்சிகள் சிலரின் தியாகத்திலேயே தங்கிவிடும்.

5. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் கோரிக்கைகள் சிலவே. முதலாவது, இந்நாட்டில் இலாபமீட்டும் எந்தத் தளமும் சிங்களத்திலும் தமிழிலும் முறைப்பாடுகளைப் பெற்று, அவற்றுக்கு அம்மொழிகளிலேயே காரணங்காட்டிப் பதிலளிக்கவும், எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதைப் பகிரங்கப்படுத்தவும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படல் வேண்டும். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில் இது மிகையான கோரிக்கையன்று. இரண்டாவது, ஒரு கூற்றை அகற்றும் அதிகாரமும் தளங்களை மூடும் அதிகாரமும் நீதிமன்றத்தின் முன்கூட்டிய, காலவரையறைக்குட்பட்ட கட்டளையின்றிப் பிரயோகிக்கப்படலாகாது. மூன்றாவது, பொதுப்பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும், அதன் தமிழ் வடிவம் பிற்சேர்க்கையாக அன்றித் தொடக்கத்திலிருந்தே உடன் ஆக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் முதலிரண்டையும் நிறைவேற்றச் சட்டவறிஞரும் பொறியியலாளரும் மட்டும் போதார். ஒரு கூற்று அச்சுறுத்தலா அங்கதமா, பழமொழியா பகைமொழியா, வாய்மொழி வழக்கா வசையா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் மொழியையும் அதன் சமூகச் சூழலையும் கற்றவர்கள் இருந்தாக வேண்டும். அந்தப் பணியை இதுவரை எவரும் எம்மிடம் கேட்கவில்லை, நாமும் அது எமது பணியென உரிமை கோரவில்லை. கேட்கப்படும்வரை காத்திருப்பது தகாது. திகனயில் எரிந்த வீட்டைக் கடந்து செல்லும்போதும், பேனாவைப் பற்றி எழுதியவரின் ஐந்து மாதங்களை எண்ணும்போதும், பிழையான வாசிப்பின் விலையைச் செலுத்துவோர் யாவர் என்பது எமக்குத் தெளிவாகின்றது. அவ்விலையைக் குறைப்பதற்குத் தமிழ்த்துறையினரும் முற்போக்கு வாசகரும் தம் அறிவைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய காலம் இது.